ஜூலியட்டின் கல்லறை உண்மையா? வெரோனாவில் எதை நம்பலாம், எதைப் பார்க்கலாம்

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். வெரோனா நகரத்தில் ஜூலியட்டின் வீடு, பால்கனி, கல்லறை என்று காட்டுகிறார்கள். இவையெல்லாம் உண்மையிலேயே அந்தக் காலத்துப் பொருள்களா, சுற்றுலாவுக்காகச் செய்து வைத்தவையா? ரோமியோவும் ஜூலியட்டும் நிஜமாகவே வாழ்ந்தவர்களா? போய்ப் பார்ப்பது வீண்வேலையா?

பதில்:

நேராகவே சொல்லிவிடுகிறேன். ரோமியோ, ஜூலியட் என்று இருவர் வெரோனாவில் வாழ்ந்து மாண்டதற்கு அவர்கள் காலத்துச் சான்று ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் காலத்து ஆவணம் எதிலும் அந்த இரண்டு பேரும் இல்லை. ஆனால் உங்களுக்குக் காட்டப்படும் பொருள்களைப் போலி என்று தள்ளிவிடவும் முடியாது. அந்த வீட்டின் அடிப்படைக் கட்டடம் 13, 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கல்லறை என்று காட்டும் தொட்டி நிஜமாகவே ஒரு பழைய கல் சவப்பெட்டி. பால்கனியின் செதுக்கிய பளிங்குப் பலகைகூட இடைக்காலத்துக் கல்தான். அதை அந்தச் சுவரில் பொருத்தியது மட்டும் 20-ஆம் நூற்றாண்டில். பொருள் பழையது, பெயர் பின்னால் வந்து ஒட்டியது. எப்படி ஒட்டியது என்பதுதான் எனக்கு இந்தக் காதல் கதை அளவுக்கே பிடித்த வரலாறு. அதைத் தெரிந்துகொண்டு போனால் உங்கள் பயணம் வீணாகாது.

கதையிலிருந்து தொடங்குகிறேன். இதை வெரோனாவில் முதலில் குடிவைத்தவர் லூயிஜி தா போர்த்தோ. 1485-இல் விச்சென்சா நகரில் பிறந்தவர், பிரபுக் குடும்பம், வெனிஸ் குடியரசின் குதிரைப்படையில் அதிகாரி. 1511-இல் ஃப்ரியூலி பகுதியில் நடந்த சண்டையில் கழுத்தில் பலத்த காயம் பட்டது. உடம்பு பழையபடி தேறவில்லை. படைவாழ்க்கை அதோடு முடிந்தது. பிறகு உட்கார்ந்து எழுதினார். அவர் 1529-இல் இறந்தபின், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அந்தச் சிறு நூல் வெனிசில் அச்சானது. குதிரையில் போகும்போது கூட வந்த பெரெக்ரினோ என்ற வெரோனாக்கார வில்வீரன் சொன்ன கதை என்று அதைத் தொடங்குகிறார். பர்தோலோமியோ தெல்லா ஸ்காலா வெரோனாவை ஆண்ட காலம் என்று காலத்தையும் குறிக்கிறார். அதாவது 1301 முதல் 1304 வரை.

இதற்கு முன்பே மசூச்சோ சலெர்னித்தானோ என்பவர் 1476-இல் அச்சான தன் கதைத் தொகுப்பில் இதே எலும்புக்கூட்டை வைத்து ஒரு கதை எழுதியிருந்தார். ரகசியத் திருமணம், உதவி செய்யும் துறவி, தூக்க மருந்து, போய்ச்சேராத செய்தி எல்லாமே அதில் உண்டு. ஆனால் ஊர் சியேனா, காதலர்கள் மரியோத்தோவும் ஜனோத்சாவும். தா போர்த்தோ அதை எடுத்து ஊரை மாற்றினார், காலத்தைப் பின்தள்ளினார், பகைக்குடும்பங்களைச் சேர்த்தார். அந்தப் பகையை அவர் கற்பனையில் தேட வேண்டியிருக்கவில்லை. அவர் காயம்பட்ட அதே 1511-இல், கார்னிவல் கொண்டாட்டத்தின் நடுவே உதினே நகரில் பிரபுக் குடும்பங்கள் தெருவில் வெட்டிக்கொண்டு செத்தன. அதில் ஒரு தரப்பான சவோர்ஞான் குடும்பம் தா போர்த்தோவுக்கு உறவு. நூலை அவர் காணிக்கையாக்கியதும் அந்தக் குடும்பத்துப் பெண்ணான லூசினாவுக்குத்தான். தன் சொந்தக் காதலைத்தான் இருநூறு வருடம் பின்னால் தள்ளி எழுதினார் என்று நினைக்கும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கும் அது சரியாகவே படுகிறது. அப்படிப் பார்த்தால் கதைக்குப் பின்னால் நிஜமான ஒரு வலி இருக்கிறது. அது வெரோனாவுடையது இல்லை, 1303-ஆம் வருடத்துடையதும் இல்லை.

பிறகு கதை கை மாறிக்கொண்டே போனது. பந்தெல்லோ என்ற இத்தாலிய எழுத்தாளர் 1554-இல் விரித்து எழுதினார், அது பிரெஞ்சுக்குப் போனது, அங்கிருந்து 1562-இல் ஆங்கிலக் கவிதையானது, அதை வைத்து ஷேக்ஸ்பியர் நாடகம் எழுதினார். நாடகத்தின் முதல் அச்சு 1597. அவர் வெரோனாவைப் பார்த்ததற்கு எந்தச் சான்றும் கிடையாது.

ரோமியோவின் மொந்தேக்கி, ஜூலியட்டின் கப்பெல்லெத்தி என்ற குடும்பப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? இத்தாலியக் கவிஞர் தாந்தேயிடமிருந்து. அவருடைய தெய்வீகக் காவியத்தில், தூய்மை பெறும் மலையைப் பாடும் பகுதியின் ஆறாவது காண்டத்தில், இத்தாலி சீரழிந்து கிடப்பதைப் பார்க்க வரும்படி பேரரசனை அழைக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரே வரியில் மொந்தேக்கி, கப்பெல்லெத்தி என்ற இரண்டு பெயர்களும் வருகின்றன. மொந்தேக்கி வெரோனாவில் இருந்த அரசியல் கட்சி. கப்பெல்லெத்தி கிரெமோனா நகரத்துக் கட்சி. இரண்டுக்கும் நடுவே சுமார் நூறு கிலோமீட்டர். பக்கத்துத் தெருவில் எதிரெதிர் வீடுகளில் இருந்தவர்கள் அல்லர். ஒரே வரியில் இரண்டு பெயரும் ஒட்டி நின்றதால், பின்னால் வந்தவர்கள் ஒரே ஊரின் இரண்டு பகைக்குடும்பங்கள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு விஷயம் என்னை எப்போதும் யோசிக்க வைக்கும். ஃபிளாரன்சிலிருந்து விரட்டப்பட்ட தாந்தே முதலில் அடைக்கலம் புகுந்தது வெரோனாவில்தான். அடைக்கலம் தந்தவர் அந்த பர்தோலோமியோ என்றே பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். கதை நடந்ததாகச் சொல்லப்படும் அதே காலம், அதே ஊர், அதே ஆட்சி. அடுத்தவர் வீட்டுக் காதல் துயரத்தைக் கேட்டு மயங்கி விழுந்ததாகத் தன்னைப் பற்றியே எழுதிய கவிஞன், தான் தங்கிய ஊரில் இப்படி ஒரு சாவு நடந்திருந்தால் ஒரு சொல்கூடச் சொல்லாமல் விட்டிருப்பானா? இது முடிவான ஆதாரம் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மௌனம் இவ்வளவு கனமாக இருக்கும்போது அதை ஒதுக்கிவிட முடியாது.

இனி கல்லறை. மூன்றிலும் எனக்கு மிகவும் நெருக்கமானது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வெரோனாவின் பழைய மதிலை ஒட்டி சான் பிரான்செஸ்கோ அல் கோர்ஸோ என்ற முன்னாள் மடம் இருக்கிறது. அது இருக்கும் தெருவுக்கே இன்று லூயிஜி தா போர்த்தோவின் பெயர். மடத்தின் நிலவறைக்குப் படியிறங்கினால், வளைவுக் கூரையின் கீழே ஒரு கல் தொட்டி. மூடி கிடையாது. உள்ளே ஒன்றும் இல்லை. எழுத்து இல்லை, குலச்சின்னம் இல்லை. வெரோனாவின் சிவப்புப் பளிங்கு என்று பெயர் பெற்ற கல். உண்மையில் அது சுண்ணாம்புக்கல் வகை, டைனோசர் காலத்துக் கடலடியில் படிந்தது. நகரத்தின் நடைபாதைகளில்கூட இதே கல்லைப் பதித்திருப்பார்கள். குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தால் சுருள் சுருளாக அம்மோனைட் என்ற பழைய கடலுயிரிகளின் புதைபடிவங்கள் தெரியும். கல்லறையின் விளிம்பைக் கவனியுங்கள். நேராக இருக்காது. அங்கங்கே கடித்தாற்போல் உடைந்திருக்கும். அந்த உடைப்பில்தான் கல்லறையின் மெய்யான வரலாறு இருக்கிறது.

தா போர்த்தோ தன் கதையில் ஜூலியட்டைப் புதைத்த இடம் சான் பிரான்செஸ்கோ என்று எழுதினார். நூல் வந்து ஒரு தலைமுறைக்குள்ளேயே ஊரார் அங்கே ஒரு கல்லையும் அடையாளம் கண்டுவிட்டார்கள். ஜிரோலமோ தல்லா கோர்தே என்ற வெரோனாக்காரர் 1590-களில் அச்சான தன் நகர வரலாற்றில், இந்தக் காதல் சாவை 1303-இல் நடந்த நிகழ்ச்சியாகவே எழுதிவிட்டார். அந்தக் கல் பெட்டியைத் தன் கண்ணால் பலமுறை பார்த்திருப்பதாகவும், சான் பிரான்செஸ்கோவில் வளர்ந்த அநாதைப் பிள்ளைகளின் கிணற்றடியில் அது கழுவுதொட்டியாகக் கிடந்தது என்றும் சொல்கிறார். கதை வரலாற்று நூலுக்குள் நுழைந்த இடம் அதுதான். அதன்பின் யார் கேட்டாலும் எடுத்துக் காட்ட ஒரு வருடம் இருந்தது, ஒரு பொருளும் இருந்தது. நம் ஊர்த் தலபுராணங்களில் தலமும் தீர்த்தமும் கதைக்குச் சாட்சி நிற்பதைப்போல, இங்கே கிணற்றடித் தொட்டி சாட்சி நின்றது.

1816-இல் கவிஞர் பைரன் வந்தார். வெரோனாக்காரர்கள் கதை நிஜம் என்பதில் விடாப்பிடியாக இருப்பதையும், 1303 என்று தேதியே சொல்வதையும் கடிதத்தில் எழுதியிருக்கிறார். பாழடைந்த மடத்துத் தோட்டம், திறந்து கிடந்த சிதைந்த கல் பெட்டி, அதற்குள் உலர்ந்த இலைகள். அந்தச் சூழல் அந்தக் காதலுக்குப் பொருத்தமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. தோன்றியதோடு நிற்காமல், மகளுக்கும் சகோதரி பிள்ளைகளுக்கும் கொடுக்கக் கல்லில் சில துண்டுகளையும் எடுத்துக்கொண்டு போனார். நெப்போலியனின் இரண்டாம் மனைவியாக இருந்த மரீ லூயிஸ், பிற்காலத்தில் பார்மாவின் ஆட்சியாளராக இருந்தபோது, இந்தக் கல்லின் துண்டுகளைக் கொண்டு நகையே செய்து அணிந்துகொண்டார். பெரிய இடத்துப் பெண்களும் ஆண்களும் இப்படிச் செய்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்குப் பெயர்த்தார்கள்.

இதைக் கல் திருட்டு என்று மட்டும் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. ஐரோப்பாவில் புனிதர்களின் எலும்பு, ஆடை, கல்லறைத் தூசி எல்லாவற்றையும் பக்தர்கள் துண்டு துண்டாக வீட்டுக்கு எடுத்துப்போகும் பழக்கம் பல நூற்றாண்டாக இருந்தது. அதே கை, அதே ஆசை. பூஜிக்கப்பட்டவள் மட்டும் புனிதை அல்லள். நாடகத்தில் தன்னையே மாய்த்துக்கொண்ட பதின்மூன்று வயதுப் பெண். தற்கொலை செய்துகொண்டவர்களைப் புனித மண்ணில் புதைக்கவே திருச்சபை அனுமதிக்காத காலத்தில், அவளுடையது என்று சொல்லப்பட்ட கல்லுக்கு மக்கள் அந்த மரியாதையைக் கொடுத்தார்கள். இது எனக்குச் சாதாரண விஷயமாகப் படவில்லை.

1840-களில் சார்லஸ் டிக்கன்ஸ் வந்தபோது தொட்டி இன்னும் தோட்டத்தில்தான் கிடந்தது. சிதைந்த வாயிலில், துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி உள்ளே கூட்டிப்போனாள். ஈரக் கைகளைத் தன் துணியில் துடைத்துக்கொண்டே, பாவப்பட்ட ஜூலியட்டின் கல்லறை இதுதான் என்று காட்டினாள். தண்ணீர்த் தொட்டி போலத்தான் இருந்தது. அதைப் பார்த்து டிக்கன்ஸ் ஏமாற்றம் அடையவில்லை. இப்படி மறக்கப்பட்டுக் கிடப்பதே அவளுக்கு நல்லது, ஊர்சுற்றிகள் வந்து மிதிக்காமல் இருக்கட்டும் என்ற பொருளில் எழுதினார். அவர் விரும்பியது நடக்கவில்லை. பிற்பாடு தொட்டியை ஒரு மண்டபத்துக்குக் கீழே வைத்தார்கள். வந்தவர்கள் தங்கள் பெயர் அச்சிட்ட விசிட்டிங் கார்டுகளை உள்ளே போட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் வீட்டுக்குப் போய் ஆள் இல்லையென்றால் அட்டையை வைத்துவிட்டு வருவது அந்தக் காலத்து நாகரிகம். ஜூலியட்டையும் அப்படியே பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்று நீங்கள் பார்க்கும் நிலவறை அமைப்பு 1937-இல் ஏற்பட்டது. வெரோனா நகராட்சி அருங்காட்சியகங்களின் இயக்குநராக இருந்த அந்தோனியோ அவேனா செய்த ஏற்பாடு. முந்தின வருடம்தான் அமெரிக்காவில் நாடகம் பெரும் செலவில் சினிமாவாக வந்திருந்தது. திரையைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குத் தோட்டத்துத் தொட்டி போதாது என்று தெரிந்துகொண்டவர் அவர். அந்தச் சமயத்தில் கல்லறைக்குக் காவலராக இருந்தவர் எத்தோரே சொலிமானி. காதல் துன்பத்தை எழுதிச் சிலர் ஜூலியட்டுக்கென்று கடிதம் வைத்துவிட்டுப் போவார்கள். தபாலிலும் வரும். அவற்றைக் குப்பையில் போடாமல், சொலிமானி உட்கார்ந்து பதில் எழுதத் தொடங்கினார். அந்தப் பழக்கம் நின்றுபோகவில்லை. 1972-இல் ஜூலியோ தமாசியா தொடங்கிய ஜூலியட் சங்கத்தின் தன்னார்வலர்கள் உலகம் முழுவதிலுமிருந்து வரும் கடிதங்களுக்கு இன்றும் கையால் பதில் எழுதுகிறார்கள். உறையில் 'ஜூலியட், வெரோனா' என்று எழுதினாலே போதும், போய்ச் சேர்ந்துவிடும்.

வீட்டைப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கப்பெல்லோ தெரு, 23-ஆம் எண். இடைக்காலத்தில் தல் கப்பெல்லோ என்ற குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த வீடு. அவர்கள் சின்னம் தொப்பி. முற்றத்து வளைவின் உச்சிக்கல்லில் அந்தத் தொப்பி செதுக்கியிருப்பதை இப்போதும் பார்க்கலாம், தலையை உயர்த்திப் பாருங்கள். இந்தக் குடும்பப் பெயர் கதையில் வரும் கப்பெல்லெத்தி என்ற பெயருக்குப் பக்கத்தில் வந்ததால்தான் இது ஜூலியட்டின் வீடாயிற்று. வேறு ஆதாரம் எதுவும் இல்லை. டிக்கன்ஸ் பார்த்தபோது இது அழுக்குப் பிடித்த சத்திரம். முற்றத்தில் கணுக்கால் வரை சேறு, சந்தை வண்டிகள், வாத்துக்கூட்டம், வாசலில் கடுகடுத்த முகத்தோடு ஒரு நாய். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகராட்சி வாங்கியது. 1930-களின் இறுதியில் அதே அவேனா இதைச் சீர்ப்படுத்தினார். இடைக்காலத்துக் கோதிக் பாணி ஜன்னல்கள் வைத்தார். பழைய செதுக்குவேலை கொண்ட பளிங்குப் பலகை ஒன்றை எடுத்துச் சுவரில் பால்கனியாக்கினார். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஜூலியட் தோன்றுவது ஜன்னலில். பால்கனி என்பது மேடைக்காரர்கள் பின்னால் கொண்டுவந்த வழக்கம். மேடை வழக்கம் கடைசியில் கல்லாகிவிட்டது.

கட்டடக்கலை அறிந்தவர்கள் அவேனாவைக் கடுமையாகத் திட்டுவதைப் படித்திருக்கிறேன். ஒரு உண்மையான இடைக்கால வீட்டின் மேல் நாடக அரங்கைப் பூசிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. நியாயமான குற்றச்சாட்டுதான். எது அசல், எது 1930-களில் செய்தது என்று அங்கே எழுதி வைக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். வரலாற்றில் ஆர்வத்தோடு வருகிறவனைக் குழப்பக்கூடாது.

முற்றத்தில் நிற்கும் வெண்கலச் சிலையின் மூலம் நெரேயோ கோஸ்தந்தீனி செய்தது. 1972-இல் அங்கே வைக்கப்பட்டது. வலது மார்பைத் தொட்டால் காதல் கைகூடும் என்று யாரோ கிளப்பிவிட, ஆண்டுக்கணக்கில் கோடிக்கணக்கான கைகள் பட்டு வெண்கலமே வெடித்தது. 2014-இல் மூலச் சிலையை உள்ளே எடுத்துவைத்துப் பிரதியை நிறுத்தினார்கள். பிரதியிலும் ஓட்டை விழுந்துவிட்டதாக 2024-இல் செய்தி வந்தது. உங்களோடு பெண் குழந்தைகள் வருவதாக இருந்தால், அங்கே வரிசையில் நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தைப் பார்த்து அவர்கள் கேள்வி கேட்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் அறவே பிடிக்காது. பதின்மூன்று வயதில் செத்துப்போனதாகச் சொல்லப்படும் ஒரு பெண்ணுக்குச் செய்யும் மரியாதை அது இல்லை. சுவரில் சூயிங்கம் வைத்துக் காதல் சீட்டுகளை ஒட்டும் பழக்கத்தையும் நகராட்சி அபராதம் போட்டுத் தடுத்திருக்கிறது, ஒட்டாதீர்கள்.

ரோமியோவின் வீடு என்று ஆர்க்கே ஸ்காலிஜெரே தெருவில் ஒன்றைக் காட்டுவார்கள். நல்ல இடைக்காலக் கட்டடம், தனியார் உடைமை, வெளியிலிருந்து பார்க்கலாம். அங்கே நிற்கும்போது பத்தடி தள்ளித் திரும்பினால், கதையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான சுற்றுலாக்காரர்கள் அதை ஒரு படம் எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள்.

தெல்லா ஸ்காலா அரச குடும்பத்தின் கல்லறைகளைச் சொல்கிறேன். இரும்பு வேலிக்குள் கோபுரம் கோபுரமாக நிற்கும். அதை ஒட்டிய சிறிய தேவாலயத்தின் வாசலுக்கு மேலே கான்கிராந்தேயின் கல்லறை. இவர் அந்த பர்தோலோமியோவின் தம்பி. தாந்தேக்குப் பிற்காலத்தில் ஆதரவு கொடுத்தவர். 1329 ஜூலையில் திரெவீசோ நகரைப் பிடித்து உள்ளே நுழைந்த நான்காம் நாள் திடீரென்று செத்துப்போனார். வயது 38. குளிர்ந்த ஊற்றுநீரைக் குடித்ததால் வந்த நோய் என்று சொன்னார்கள். விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சும் அப்போதே கிளம்பியது. 2004-இல் கல்லறையைத் திறந்தார்கள். உடம்பு தானாகவே உலர்ந்து கெடாமல் இருந்தது. பீசா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஈரலையும் குடலில் மிஞ்சியிருந்ததையும் சோதித்தபோது, டிஜிட்டாலிஸ் என்ற செடியின் நஞ்சு உயிரைக் கொல்லும் அளவில் இருந்தது. சாமந்தி இனத்துக் காமமைல் பூ, கருப்பு மல்பெரி ஆகியவற்றின் தடயங்களும் கூடவே கிடைத்தன. அநேகமாக மருந்துக் கஷாயம் என்ற பெயரில் கொடுத்திருக்கிறார்கள். ஆய்வு 2015-இல் வெளியானது.

யோசித்துப் பாருங்கள். ஜூலியட் கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஊரில், அதே குடும்பத்தின் ஆட்சியில், கால் நூற்றாண்டு இடைவெளியில், மருந்துக் குவளையில் வந்த ஒரு சாவுக்கு மெய்யான உடல் சாட்சி இருக்கிறது. கான்கிராந்தேயோடு புதைத்த பட்டுத் துணிகளை 1921-இல் எடுத்தார்கள்; கிழக்கு நாடுகளில் நெய்தவை, பொன்னிழை ஓடியவை. அவற்றை கஸ்தெல்வெக்கியோ அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஜூலியட் என்ற ஒருத்தி இருந்திருந்தால் அவள் வீட்டு விருந்தில் பிரபுக்கள் எந்த மாதிரித் துணி உடுத்தியிருப்பார்கள் என்று அறிய, எந்தப் பால்கனியையும்விட அந்தத் துணிகள் உதவும்.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும் இன்னொரு ஜோடியைச் சொல்லாமல் விட முடியாது. இடைக்கால இத்தாலியில் நிஜமாகவே நடந்த காதல் துயரம் வேண்டுமென்றால், அது பாவ்லோவும் பிரான்செஸ்காவும். தாந்தே கேட்டு மயங்கி விழுந்ததாக எழுதியது இவர்கள் கதையைத்தான். பிரான்செஸ்கா ராவென்னாவை ஆண்ட பொலென்தா குடும்பத்துப் பெண். 1275-ஐ ஒட்டி ரிமினியின் மலதெஸ்தா குடும்பத்தில் ஜொவான்னிக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். கால் ஊனமானவன், போர்க்காரன். அவனுடைய தம்பி பாவ்லோ, ஏற்கெனவே மணமானவன். 1282-இல் ஃபிளாரன்சில் மக்கள் தளபதி என்ற உயர்பதவியில் அவன் இருந்ததற்குப் பதிவு உண்டு. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அண்ணன் தம்பியையும் மனைவியையும் கொன்றான். கொலையைப் பற்றி அந்தக் காலத்து ஊர் வரலாறுகள் வாய் திறக்கவில்லை. ஆண்ட குடும்பத்தின் அவமானத்தை யார் எழுதுவார்கள்? பிரான்செஸ்கா என்ற பெண் இருந்ததைக் காட்டும் ஆவணம் அவள் மாமனாரின் 1311-ஆம் ஆண்டு உயில். பேத்தி கொன்கோர்தியாவின் தாய் பிரான்செஸ்கா கொண்டுவந்த சீதனத்தைப் பற்றி அதில் ஒரு குறிப்பு வருகிறது. உலகமே அறிந்த காதலி, குடும்ப ஆவணத்தில் சீதனக் கணக்காக மிஞ்சியிருக்கிறாள். அதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்துப் போயிற்று.

அவர்களுக்கும் ஒரு கோட்டை காட்டுகிறார்கள், ரிமினிக்குத் தெற்கே கிராதாரா. மலைமேல் மதில்சூழ்ந்த அழகான கோட்டை. உள்ளே பிரான்செஸ்காவின் அறை என்று விரித்த புத்தகம் சகிதம் ஒன்று உண்டு. கோட்டை மெய்யானது, அறையின் அலங்காரம் 1920-களில் புதுப்பித்தபோது வந்தது. கொலை அங்கேதான் நடந்தது என்று நிரூபிக்க யாராலும் முடியவில்லை. ஆக வெரோனாவில் கல் இருக்கிறது, ஆட்கள் இல்லை. ரிமினியில் ஆட்கள் இருந்தார்கள், அவர்களுடையது என்று தொட்டுக்காட்ட ஒரு கல் இல்லை.

சரி, உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். வெரோனாவில் ஒரு நாள்தான் என்றால், காலையில் முதல் வேலையாக ஜூலியட் வீட்டு முற்றத்துக்குப் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் நெரிசலில் நிற்க முடியாது. உள்ளே 1968 சினிமாவுக்காகச் செய்த கட்டிலும் உடைகளும் வைத்திருக்கிறார்கள். அந்தச் சினிமா பிடித்திருந்தவர்களுக்கு அது போதும், மற்றவர்கள் முற்றத்தோடு திரும்பலாம். அங்கிருந்து தெல்லா ஸ்காலா கல்லறைகள் நடக்கும் தூரம்தான். மதியம் கஸ்தெல்வெக்கியோவுக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கடைசியாகச் சான் பிரான்செஸ்கோ மடம். கூட்டம் குறைவாக இருக்கும், ஓவிய அருங்காட்சியகமும் அதே வளாகத்தில் இருக்கிறது.

இன்னொரு நாள் கையில் இருந்தால் மாந்துவாவுக்குப் போய்விட்டு வாருங்கள். நாடகத்தில் ரோமியோ நாடுகடத்தப்பட்டுத் தங்குவது அந்த ஊரில்தான். 2007-இல் அதற்குப் பக்கத்தில் வல்தாரோ என்ற இடத்தில் தோண்டியபோது, முகத்தோடு முகம் வைத்து, கை கால்கள் பின்னிக் கிடந்த இரண்டு எலும்புக்கூடுகள் கிடைத்தன. சுமார் ஆறாயிரம் வருடத்துக்கு முந்தைய புதிய கற்கால மனிதர்கள், இளம் வயதினர். பத்திரிகைகள் உடனே ரோமியோ ஜூலியட் என்று பெயர் வைத்தன. அவர்கள் யார், ஏன் அப்படிப் புதைக்கப்பட்டார்கள் என்று சொல்ல எந்தக் கதையும் மிஞ்சவில்லை. நகரத்தின் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கிறார்கள். வெரோனாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.